பேசும் இயந்திரம் வேறு, உடையும் இயந்திரம் வேறு

லினக்ஸ் கெர்னலில் கை வைத்தவர் யாருக்கும் இந்த நாள் வராமல் போகாது. எழுதிய நாலு வரியைச் சேர்த்து, கம்பைல் செய்து, ரீபூட் கொடுத்தால் இயந்திரம் பாதியில் நின்றுவிடும். பார்வையுள்ளவர் திரையில் கொட்டிக் கிடக்கும் வரிகளைப் பார்த்து எங்கே போயிற்று என்று தேடத் தொடங்குவார். ஸ்கிரீன் ரீடரை நம்பி வேலை செய்பவருக்கு ஒன்றும் கேட்காது. பேச்சு வர வேண்டுமானால் ஒலிக்கான டிரைவர் ஓட வேண்டும், அதற்குக் கெர்னல் உயிரோடு இருக்க வேண்டும், செத்தது அதுதானே. ஹாஸ்டல் அறைத்தோழனைக் கூப்பிட்டு, "டேய், ஸ்கிரீன்ல கடைசியா என்ன வந்திருக்குன்னு படிடா" என்றால், "கருப்பா நிறைய நம்பர் வந்திருக்குடா" என்பான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே இந்த அத்தியாயத்தில் எதை மறந்தாலும் தலைப்பை மறக்க வேண்டாம். உங்களோடு பேசும் இயந்திரத்தில் புதுக் கெர்னலைச் சோதிக்காதீர்கள். கீழே சொல்லும் கருவிகள் அத்தனையும் இந்தப் பிரிவினையைச் சுற்றித்தான் அமைகின்றன. கட்டளைகளைக் காதில் விழுகிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் இதைக் கேட்டுத்தான் படிப்பீர்கள் என்பதால் அதுவே வசதி.

சி மொழி ஓரளவு தெரிந்த, வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துப் பார்வையற்ற மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். "கெர்னல் எல்லாம் கண்ணுள்ளவனுக்கே கஷ்டம்" என்று உங்களிடம் சொன்னவர்கள் இருப்பார்கள். கடினம் என்பது சரி. ஆனால் கண்ணுக்கும் அந்தக் கடினத்துக்கும் தொடர்பு குறைவு. மொபைல் செயலி செய்பவர் பொத்தான் எங்கே நிற்கிறது என்று பார்த்தாக வேண்டும். கெர்னல்காரருக்கு அது இல்லை. மூலநிரல் வெறும் எழுத்து. பிழைச் செய்தி எழுத்து. விவாதம், திருத்தம், ஒப்புதல் எல்லாம் சாதாரண மின்னஞ்சலில் நடக்கின்றன. ஹெச்டிஎம்எல் அலங்காரத்தோடு அனுப்பினால் கெர்னலின் அஞ்சல் பட்டியல் திருப்பியே அனுப்பிவிடும். கல்லூரி லேபில் சுட்டியால் இழுத்துப் போடச் சொல்லும் மென்பொருளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த உலகம் எவ்வளவு ஆறுதல் என்பது உள்ளே வந்தால் தெரியும்.

பேச்சு எங்கிருந்து வருகிறது

லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே ஒரு ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது. பெயர் ஸ்பீக்கப். கனடாவைச் சேர்ந்த கிர்க் ரைசர் தொடங்கியது; மூலக்கோப்பின் தலையில் 1998 என்ற ஆண்டு நிற்கிறது. ரைசர் பார்வையற்றவர். பல ஆண்டுகள் வெளியிலேயே பேட்சாகச் சுற்றி, 2010-இல் கெர்னலின் ஸ்டேஜிங் என்ற காத்திருப்பு அறைக்குள் வந்து, 2020-இல் 5.9 பதிப்பில்தான் டிரைவர்ஸ், ஆக்ஸசிபிலிட்டி, ஸ்பீக்கப் என்ற நிரந்தர முகவரியைப் பெற்றது. இந்தக் கடைசிக் கட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் பிரான்சின் சாமுவேல் திபோ. பத்து வருடக் காத்திருப்பு எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்; ஆனால் கிடைத்த இடம் உறுதியானது.

ஸ்பீக்கப்பை எண் விசைப்பலகையால் ஓட்டுவார்கள். 8 நடப்பு வரி, 7 முந்தைய வரி, 9 அடுத்த வரி. 5 நடப்புச் சொல், 2 நடப்பு எழுத்து. அவற்றின் இடமும் வலமும் முன்னே பின்னே. கூட்டல் விசை முழுத்திரையையும் வாசிக்கும், எண்பலகையின் என்டர் வாயை மூடவைக்கும். கெர்னல் மூலநிரலின் ஆவண அடைவிலேயே ஸ்பீக்கப்பின் பயனர் கையேடு வெறும் எழுத்துக் கோப்பாக இருக்கிறது, தேடி அலைய வேண்டாம்.

அந்தக் காலத்தில் டெக்டாக் போன்ற தனிப் பேச்சுப் பெட்டியைச் சீரியல் போர்ட்டில் செருகுவார்கள். கெர்னல் கண் விழித்த சில நொடிகளில் பேசத் தொடங்கும், சாகும்போதும் கடைசி வார்த்தை வரை பேசிப் பார்க்கும். இன்று அந்தப் பெட்டிகள் அரிது. ஸ்பீக்கப் தன் வரிகளை ஈஸ்பீக்கப் என்ற பயனர் நிரலிடம் கொடுக்க, அது ஈஸ்பீக் குரலில் படிக்கிறது. அதாவது கணினி ஏறக்குறைய முழுதாக எழுந்த பிறகுதான் பேச்சு. கெர்னலுக்குள் இருக்கும் ஸ்கிரீன் ரீடரும் கெர்னல் விழுந்தால் காப்பாற்றாது என்பதற்கு இதுதான் காரணம்.

பிரெய்லி பழகியவர்களுக்குப் பிஆர்எல்டிடிஒய் உண்டு. 1995-இல் தொடங்கிய இந்த நிரல் லினக்ஸ் கன்சோலில் உள்ளதைப் பிரெய்லி காட்சிப்பலகையில் காட்டும். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான நிக்கோலா பித்ரே 2018-இல் 4.19 பதிப்புக்காகக் கெர்னலில் எழுதிய ஒரு மாற்றம் தமிழர்களுக்கு வேடிக்கையானது. லினக்ஸ் கன்சோல் ஒரே நேரத்தில் 512 எழுத்துருவங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. தமிழ்ப் பெயருள்ள கோப்பைப் பட்டியலிட்டால் பார்வையுள்ளவருக்குக் கிடைப்பது கேள்விக்குறிகளும் கட்டங்களும். அவருடைய மாற்றத்துக்குப் பின் அசல் யூனிகோட் எழுத்துகளைக் கெர்னல் தனியே காத்துவைக்கிறது. பிரெய்லி நிரல் அதை எடுத்துப் படிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத தமிழ் விரலுக்குத் தெரிகிறது.

மூன்றாவது வழி ஈமாக்ஸ்பீக். புனேயில் வளர்ந்து, பதினான்கு வயதில் கிளாக்கோமாவால் பார்வை இழந்து, ஐஐடி பம்பாயிலும் பின் கார்னலிலும் படித்த டி. வி. ராமன் 1995-இல் வெளியிட்டது. திரையில் உள்ளதை அப்படியே ஒப்பிக்காமல், ஈமாக்ஸுக்குள் இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டு பேசுவது அதன் தனித்தன்மை: குறிப்புரைக்கு ஒரு குரல், சரத்துக்கு ஒரு குரல். பழகச் சில மாதம் பிடிக்கும். பழகியவர்கள் அதை விட்டு வருவதில்லை.

மேசையை அமைப்பது

இவ்வளவு சொல்லிவிட்டு என் பரிந்துரை இதுதான்: பேசும் இயந்திரமாக விண்டோஸையும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரையும் வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க லினக்ஸிலேயே வாழ வேண்டும் என்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். உங்களுக்கு ஏற்கெனவே கை பழகியது என்விடிஏ, அது இலவசம், ஒலி தகராறு செய்யாது. கெர்னலைக் கற்கும்போதே புது ஸ்கிரீன் ரீடரையும் கற்பது இரண்டையும் கெடுக்கும். லினக்ஸ் கன்சோலுக்கு ஆறு மாதம் கழித்து வரலாம். அப்போது டெபியனை நிறுவுங்கள்: துவக்கப் பட்டி வந்ததும் பீப் ஒலி கேட்கும், எஸ் அழுத்தி என்டர் தட்டினால் நிறுவுதல் முழுவதும் பேச்சிலேயே நடக்கும். யாருடைய கண்ணும் தேவையில்லை.

விண்டோஸ் 11-இல் டபிள்யூஎஸ்எல் போட்டால் லினக்ஸ் முனையம் கிடைத்துவிடும். கெர்னல் மூலநிரலை மட்டும் சி டிரைவில் இறக்காதீர்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டால் மட்டுமே பிரியும் கோப்புப் பெயர்கள் அந்த மூலநிரலில் உள்ளன. விண்டோஸ் அவற்றை ஒன்றாக நினைத்துக் குழப்பும். லினக்ஸின் சொந்த வீட்டு அடைவுக்குள் இறக்குங்கள். நண்பரின் பழைய டெஸ்க்டாப் கிடைத்தால் இன்னும் நல்லது: அதில் லினக்ஸைப் போட்டு எஸ்எஸ்ஹெச் வழியாக நுழையலாம்.

என்விடிஏவில் மூன்று அமைப்புகளை மாற்றுங்கள். நிறுத்தற்குறிகளை முழுவதும் படிக்கச் சொல்லுங்கள். என்விடிஏ விசையோடு பி தட்டினால் நிலை மாறும். சி நிரலில் ஒரு அரைப்புள்ளி காதில் விழாமல் போனால் ஒரு மாலை போய்விடும். சுட்டியின் உறுப்பைக் குறிக்கும் இரட்டைக் குறியை "டேஷ் கிரேட்டர்" என்று இழுக்காமல் "ஆரோ" என்று சொல்ல, குறி உச்சரிப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பிறகு, ஆவண வடிவ அமைப்புகளில் வரி உள்தள்ளலைத் தொனியாகக் கேட்கச் செய்யுங்கள். உள்ளே போகப் போகச் சுருதி ஏறும். நிரலுக்கு இந்திய ஆங்கிலக் குரல், மற்றதற்குத் தமிழ்க் குரல் என்று இரண்டு சுயவிவரம் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

உள்தள்ளல் விஷயத்தில் கெர்னல் உங்கள் பக்கம். அதன் எழுத்து நடை விதி டேப்பைத்தான் கேட்கிறது. எட்டு இடைவெளி என்று எண்ணிக் கேட்பதைவிட "இரண்டு டேப்" என்று கேட்பது எவ்வளவோ மேல். மூன்று நிலைக்கு மேல் உள்ளே போனால் நிரலைத் திருத்தி எழுது என்பதும், ஒரு சார்பு ஓரிரு திரைக்குள் முடியட்டும் என்பதும் கண்ணுள்ளவர்களுக்காக எழுதிய விதிகள். அதிகப் பயன் உங்களுக்கு.

பிரெய்லி காட்சிப்பலகை விலை அதிகம். ஆர்பிட் ரீடர் போன்ற 20 கட்டப் பலகை ஓரளவு எட்டக்கூடியது. 80 எழுத்து வரியை நான்கு துண்டாக நகர்த்திப் படிக்க வேண்டும். அரசு உதவி கேட்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகம் போக வேண்டும். மேல்விஷாரம், ஆற்காடு என்றால் ராணிப்பேட்டை. பேரணாம்பட்டு, குடியாத்தம் இன்னும் வேலூரில்தான். பழைய நினைவில் வேலூர் பஸ் ஏறினால் மனுவோடு திரும்ப வேண்டியதுதான். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவிக் கருவிகளுக்கான அடிப் திட்டம் பற்றி விசாரியுங்கள். பயிற்சி வேண்டுவோருக்குப் பூந்தமல்லியில் தேசியப் பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் மண்டல மையம் உண்டு. மிச்சப் பார்வை உள்ளவர்கள் ஆரணி சாலையிலுள்ள சிஎம்சி ஷெல் கண் மருத்துவமனையில் குறைபார்வைப் பரிசோதனை செய்துகொண்ட பிறகு, பெரிதாக்கியா பேச்சா என்று முடிவு செய்யலாம்.

இரைச்சலை அடக்குவது

கட்டமைப்பில் முதல் தடை மேக் மெனுகான்ஃபிக். பெட்டிகளாகவும் கோடுகளாகவும் வரைந்த அந்தப் பட்டி ஸ்கிரீன் ரீடரில் சந்தைக் கூச்சல். மேக் கான்ஃபிக் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும், பேச்சுக்குப் பொருத்தம், ஆனால் ஆயிரக்கணக்கில் கேட்கும், அதையும் தொடாதீர்கள். மேக் டெஃப்கான்ஃபிக் கொடுத்து அடிப்படைக் கோப்பை உண்டாக்குங்கள். வேண்டிய விருப்பத்தை ஸ்கிரிப்ட்ஸ் அடைவிலுள்ள கான்ஃபிக் என்ற நிரலுக்கு எனேபிள் என்ற சொல்லோடு கொடுத்து ஏற்றுங்கள். பின் மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக். சார்ந்திருக்கும் வேறு விருப்பம் இல்லாவிட்டால் நீங்கள் ஏற்றியது சத்தமில்லாமல் விழுந்துவிடும். அதனால் முடிவில் டாட் கான்ஃபிக் கோப்பில் கிரெப் போட்டு, நிற்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

கம்பைல் செய்யும்போது கோப்புக்கு ஒரு வரி வரும். அத்தனையையும் ஸ்கிரீன் ரீடர் படிக்க முயலும். மேக்குக்கு மைனஸ் எஸ் கொடுத்தால் வாயடைக்கும். பிழை வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். கட்டளையின் முடிவில் மணி ஒலிக்க ஒரு எக்கோ சேர்த்தால் தேநீர் குடிக்கப் போகலாம். என்விடிஏ விசையோடு 5 தட்டினால் முனையத்தில் புதிதாக வருவதைத் தானே படிப்பது நிற்கும், மறுபடி தட்டினால் தொடங்கும். ஜிசிசி பிழை வரிக்கு அடியில் கூம்புக் குறியும் நெளிகோடுகளும் போட்டு இடம் காட்டும். அது காதில் "கேரட் டில்டே டில்டே டில்டே". கேசிஃப்ளாக்ஸ் மாறியில் "எஃப் நோ டயக்னாஸ்டிக்ஸ் ஷோ கேரட்" என்ற விருப்பத்தைக் கொடுத்தால் தொலையும். வரி எண், பத்தி எண் அப்படியே இருக்கும், அது போதும். கிட் லாக்கில் கிராஃப் விருப்பத்தையும் மறந்துவிடுங்கள். மாற்றங்களைத் துண்டு துண்டாகச் சேர்க்கும் கிட் ஆட் மைனஸ் பி, கேள்வி-பதில் முறை என்பதால், காதுக்கென்றே செய்ததுபோல் இருக்கும்.

உடையும் இயந்திரம்

இனி இரண்டாவது இயந்திரம். அது நிஜமாக இருக்க வேண்டியதில்லை. கியூஎமு என்ற மாயக்கணினிக்கு "நோகிராஃபிக்" விருப்பமும், உள்ளே ஓடும் கெர்னலுக்குக் கன்சோலை டிடிஒய்எஸ் பூஜ்யத்துக்கு மாற்றும் வரியும் கொடுத்தால், அதன் சீரியல் வெளியீடு முழுவதும் உங்கள் முனையத்துக்கே எழுத்தாக வரும். உள்ளே கெர்னல் வெடித்துச் சிதறினாலும் வெளியே என்விடிஏ நிதானமாக அதைப் படித்துக்கொண்டிருக்கும். வெளியேற கண்ட்ரோல் ஏ, பிறகு எக்ஸ். இதையே இன்னும் சுருக்கும் விர்ட்மீ-என்ஜி, கம்பைல் செய்த கெர்னலைச் சில நொடிகளில், உங்கள் கோப்புகளையே வைத்து எழுப்பித் தரும். முதல் ஓராண்டுக்கு இதுவே போதும்.

கெர்னல் தடுக்கி விழும்போது கொட்டும் ஊப்ஸ் செய்தியை மேலிருந்து கீழே கேட்க உட்காராதீர்கள். பதினாறு இலக்கப் பதினறும எண்களை ஒவ்வொன்றாகக் கேட்பது சித்திரவதை, தொண்ணூறு சதவீதம் தேவையும் இல்லை. வெளியீட்டைக் கோப்பில் பிடித்து, பக் அல்லது ஊப்ஸ் என்று வரும் முதல் இடத்துக்குத் தாவுங்கள். பின்னால் வருபவை பெரும்பாலும் முதல் அடியின் எதிரொலி. அங்கிருந்து ஆர்ஐபி வரி விழுந்த சார்பின் பெயரைச் சொல்லும், கால் டிரேஸ் யார் யாரை அழைத்து அங்கே வந்தார்கள் என்று சொல்லும். ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் டீகோட் ஸ்டாக்டிரேஸ் என்ற நிரல் இருக்கிறது. பிழைத்திருத்தத் தகவலோடு கட்டிய விஎம்லினக்ஸ் கோப்பைக் கொடுத்தால் எண்களைக் கோப்புப் பெயராகவும் வரி எண்ணாகவும் மாற்றிவிடும்.

நிஜ இயந்திரத்தில் சோதிக்க வேண்டி வந்தால் நெட்கன்சோல் இருக்கிறது: கெர்னல் தன் செய்திகளை வலையமைப்பு வழியே இன்னொரு கணினியின் 6666-ஆம் போர்ட்டுக்கு அனுப்பும். ஈதர்நெட் கம்பி வேண்டும், வைஃபையை இதில் நம்பாதீர்கள். 2024-இல் வந்த 6.12 பதிப்பு முதல், பேனிக் விவரத்தைத் திரையில் க்யூஆர் கோடாகக் காட்டும் வசதியும் சேர்ந்திருக்கிறது. கைபேசியால் பிடித்து டாக்பேக்கில் கேட்கலாம், கேமராவைத் திரைக்கு நேரே பிடிக்கப் பழகியிருந்தால்.

பிஎச் அளவியும் மூன்று கம்பியும்

தோல் பட்டறை ஊர்களில் இந்தப் படிப்புக்கு வேலை உண்டா என்று பெற்றோர் கேட்பார்கள். 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் தங்கள் கழிவைத் தொடர்ந்து அளந்து இணையம் வழியே அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. தோல் பதனிடுதல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆம்பூர்டெக், வானிடெக், ராணிடெக் போன்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கும் ஊரில், உணரிகளையும் அவற்றை வாசிக்கும் சிறு பலகைகளையும் புரிந்தவருக்கு மதிப்பு இருக்கும். லினக்ஸ் கெர்னலில் தொழிற்துறை உணரிகளுக்கென்றே ஐஐஓ என்ற பிரிவு இருக்கிறது. அதன் கெமிக்கல் அடைவில் அட்லஸ் சென்சார் என்ற டிரைவரைத் திறந்து படியுங்கள். பிஎச், மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றை அளக்கும் கருவிகளுக்கானது. தோல் பட்டறையின் சுண்ணாம்புத் தொட்டியில் 12-ஐ ஒட்டியும் அமிலமிடும் பிக்கிளில் 3-ஐ ஒட்டியும் நிற்கும் அந்த பிஎச், லினக்ஸில் ஒரு சாதாரணக் கோப்புக்குள் எண்ணாக வரும். கேட் போட்டால் ஸ்கிரீன் ரீடர் சொல்லிவிடும். மீட்டரின் சின்னத் திரையை யாரும் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு ராஸ்பெர்ரி பை 3 அல்லது 4 போதும். கூடவே 3.3 வோல்ட் யுஎஸ்பி சீரியல் கம்பி. பலகையின் நீள விளிம்பில் இரண்டு வரிசை ஊசிகள் தட்டுப்படும். யுஎஸ்பி துளைகளுக்கு எதிர்முனையிலிருந்து, பலகை ஓரத்தை ஒட்டிய வெளி வரிசையை மட்டும் எண்ணுங்கள். முதல் இரண்டு ஊசி 5 வோல்ட், அவற்றைத் தொடாதீர்கள். மூன்றாவது தரை, நான்காவது பலகை பேசுவது, ஐந்தாவது பலகை கேட்பது. கம்பியின் கேட்கும் முனை நான்காவதிலும், பேசும் முனை ஐந்தாவதிலும் போக வேண்டும். மாற்றிப் போட்டால் எதுவும் எரியாது, எதுவும் கேட்காது, அவ்வளவே. கம்பியின் சிவப்பு முனை மின்சாரம். முதல் நாளே ஒருவரை நிறம் பார்த்துச் சொல்லச் சொல்லி அதை வெட்டி டேப் சுற்றிவிடுங்கள். மற்ற மூன்றில் தரைக்கு ஒரு முடிச்சு, கேட்கும் முனைக்கு இரண்டு, பேசும் முனைக்கு முடிச்சில்லை. பிறகு நிறம் யாருக்கு வேண்டும். கான்ஃபிக் டாட் டெக்ஸ்ட்டில் யுஆர்ட்டை இயக்கி, வேகம் 115200 வைத்தால், பை எழும் நிமிடத்திலிருந்து ஒவ்வொரு வரியும் உங்கள் மடிக்கணினியில் பேசும். எச்டிஎம்ஐ திரை வாங்கும் காசு மிச்சம்.

பேட்ச் அனுப்புதல்

முதல் பேட்சுக்கு ஸ்பீக்கப் அடைவே நல்ல இடம். அதை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள், அதில் எது தொல்லை தருகிறது என்பது அதைப் பயன்படுத்தாத பார்வையுள்ள நிரலாளரைவிட உங்களுக்குத் தெரியும். எழுதியதும் செக்பேட்ச் நிரலை "டெர்ஸ்" விருப்பத்தோடு ஓட்டுங்கள், குற்றத்துக்கு ஒரு வரி என்று சுருக்கமாகச் சொல்லும். யாருக்கு அனுப்புவது என்பதை கெட் மெயின்டெய்னர் சொல்லும். ஜிமெயிலின் வலைப்பக்கத்திலிருந்து அனுப்பவே கூடாது; டேப்புகளை இடைவெளியாக்கி, வரிகளை மடித்து, பேட்சைக் கெடுத்துவிடும். கிட் சென்ட் ஈமெயில் அமைத்து, முதலில் உங்களுக்கே ஒன்று அனுப்பி, வந்ததை எடுத்துப் பொருத்திப் பாருங்கள்.

பதில் எழுதும்போது மேலே எழுதாமல், கேள்வி இருக்கும் வரிக்குக் கீழேயே எழுதுங்கள். தேவையற்ற பழைய வரிகளை வெட்டிவிடுங்கள். பார்வையற்றவர் என்று அஞ்சலில் சொல்ல வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். பேட்சுக்குத் தொடர்பிருந்தால் மட்டும் சொல்லுங்கள்: ஸ்பீக்கப் பிழை என்றால் அது சான்று, பிஎச் டிரைவர் என்றால் யாருக்கும் தேவையில்லாத தகவல். பதில் வர இரண்டு மூன்று வாரம் ஆவது சகஜம். ஒரு வாரமாவது பொறுக்காமல் மறுபடி அனுப்பாதீர்கள். திருத்தி அனுப்பும்போது தலைப்பில் வி2 என்று போட்டு, முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதை மூன்று கோடுகளுக்குக் கீழே எழுதுங்கள்.